குவாண்டமும் நிகழ்தகவும்: காட்பாடி மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் ஒரு மாடி அறையில் பி.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். குவாண்டம் பாடம் தொடங்கிய மறுநாளே அதே சந்தேகங்கள் வந்து நிற்கும். முகம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒவ்வொரு முறையும் பலகையில் எழுதி அழித்துச் சலித்துப்போய், இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். எல்லாம் மாணவர்கள் கேட்டவை அல்ல. புள்ளியியல் சொல்லித்தரும் ஒரு மேடம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, இவர்கள் கேட்டதும் உண்டு.

1. "நிகழ்தகவுன்னா ப்ளஸ் டூவுல படிச்சமே, அதேதானா சார்? இல்ல இது வேறயா?"

அதேதான். ஆரணியில் பாட்டி வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடுவோம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 0, 1, 2, 3. உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். இந்தப் பதினாறும் சேர்ந்ததுதான் பாடப்புத்தகம் சொல்லும் கூறுவெளி. தாயம் விழ ஒரு கட்டையில் 1, மற்றதில் 0 வேண்டும். அது இரண்டு விதமாக நடக்கும். ஆக 2/16, அதாவது 1/8. இரண்டுமே வெறும் முகமாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு 1/16. பாட்டிக்கு மட்டும் கேட்டபோதெல்லாம் எப்படித் தாயம் விழுந்தது என்பதற்கு இந்தக் கணக்கில் விடை கிடையாது.

இதைக் கோல்மகோரவ் என்ற ரஷ்யக் கணிதர் 1933-ல் சில விதிகளாக வரையறுத்தார். நிகழ்தகவு பூச்சியத்துக்குக் கீழே போகாது. எல்லாம் சேர்ந்தால் 1. ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்கிற நிகழ்ச்சிகளாக இருந்தால், அவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை நினைவில் வையுங்கள். வம்பெல்லாம் அங்கேதான் வரப்போகிறது.

2. "குவாண்டம்லயும் ப்ராபபிலிட்டிதான பேசுறாங்க. அப்ப இன்னா வித்தியாசம்?"

கடைசியில் கிடைக்கும் எண் நிகழ்தகவுதான். அதை எட்டும் வழி வேறு. குவாண்டத்தில் ஒவ்வொரு வழிக்கும் முதலில் வீச்சு என்று ஒரு எண் தருகிறோம். அது கலப்பெண், எதிர்மமாகவும் இருக்கலாம். வழிகளைப் பிரித்தறிய முடியாதபோது வீச்சுகளைக் கூட்டுகிறோம், அப்புறம்தான் அளவை வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கம்தான் நிகழ்தகவு என்று 1926-ல் சொன்னவர் மாக்ஸ் போர்ன். அந்தக் கட்டுரையின் உடலில் வர்க்கம் இல்லை, அடிக்குறிப்பில்தான் திருத்திச் சேர்த்தார். 1954-ல் நோபல் பரிசு கிடைக்க அந்தக் குறிப்புக்கும் பங்குண்டு.

ஒரு கணக்கு போடுவோம். பாதி ஒளியை விட்டு, பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று. அதில் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வருகிறது. முன்னே இரண்டு வழி. இரண்டும் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு பாதிக் கண்ணாடியில் சேர்கின்றன. அதற்குப் பின்னால் இடம், வலம் என இரண்டு உணர்கருவிகள். தாயக்கட்டைக் கணக்கில், இடப்பக்கம் விழ முதல் வழியாக 1/4, இரண்டாம் வழியாக 1/4, மொத்தம் 1/2. வலப்பக்கமும் 1/2. குவாண்டத்தில் ஒவ்வொரு வழியின் வீச்சும் அளவில் 1/2. குறி மட்டும் மாறும். இடப்பக்கம் 1/2 + 1/2 = 1. வலப்பக்கம் 1/2 − 1/2 = 0. வழிநீளங்களைச் சரியாக அமைத்தால் ஃபோட்டான்கள் எல்லாம் இடப்பக்கமே விழும்.

இப்போது ஒரு வழியைக் கையால் மறையுங்கள். வீச்சு 1/2 மட்டும் மிஞ்சும். வலப்பக்கம் 1/4 ஆகிவிடும். வழியை மூடினால் வரவு கூடுகிறது! வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஒரு சலசலப்பு வரும். வரவேண்டியதுதான்.

3. "ரெண்டு பிளவு சோதனையில ப்ராபபிலிட்டி விதியே உடைஞ்சு போச்சுன்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

உடையவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றாலும் தகும்.

சோதனை இதுதான்: இரண்டு மெல்லிய பிளவுகள், பின்னால் ஒரு திரை. எலக்ட்ரான்களை வைத்து இதை முதலில் செய்தவர் கிளாஸ் யோன்சன், 1961-ல். 1989-ல் டோனோமுராவின் குழு ஜப்பானில், இரட்டைப் பிளவுக்கு ஈடான ஓர் அமைப்பில், எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படமெடுத்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் கோடு கோடாக வரிகள். இரண்டு பிளவும் திறந்திருக்கும்போது கிடைக்கும் பரவல், ஒவ்வொன்றாகத் திறந்தபோது கிடைத்த பரவல்களின் கூட்டல் அல்ல. இதைப் பார்த்துத்தான் மூன்றாம் விதி செத்தது என்கிறார்கள்.

கூட்டல் விதி எப்போது பொருந்தும்? ஒரே கூறுவெளியில் இருக்கும் நிகழ்ச்சிகளுக்கு. முதல் பிளவு மட்டும் திறந்தது ஒரு சோதனை. இரண்டாவது மட்டும் திறந்தது இன்னொன்று. இரண்டும் திறந்தது மூன்றாவது. அந்த மூன்றாவதில் "முதல் பிளவு வழியாகப் போனது" என்ற நிகழ்ச்சி பதிவாகவே இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. நாமாக அதை நுழைத்துவிட்டு, வேறு சோதனையின் எண்ணை அதற்குக் கொடுத்துக் கூட்டினால் விடை தப்பத்தான் செய்யும். ரத்தப் பரிசோதனைக் கூடத்துத் தம்பிக்கு இது உடனே பிடிபட்டது. "வெறும் வயித்துல எடுத்த சுகரையும் சாப்ட்டப்புறம் எடுத்ததையும் ஒரே கட்டத்துல எழுதினா டாக்டர் திட்டுவார் சார்" என்றார். அதேதான். ரத்தம் ஒரே ஆளுடையது, நிலைமை வேறு.

4. "சரி, தாயக்கட்டைகூட நமக்குத் தெரியாததாலதான் ரேண்டம். எலக்ட்ரானும் உள்ளுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருக்கும், நமக்குத்தான் தெரியல. இருக்கலாம்ல?"

நல்ல கேள்வி. நீங்கள் தனி ஆளும் இல்லை. 1935-ல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரையின் சாரம் கிட்டத்தட்ட இதுதான்: குவாண்டம் சொல்வது சரி, ஆனால் அது முழுக்கதை அல்ல. 1952-ல் டேவிட் போம் அப்படி ஒரு முழுக்கதையைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். அதில் எலக்ட்ரானுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது. விடைகள் குவாண்டத்தோடு ஒத்துப்போகின்றன.

ஆகவே "உள்ளே முடிவு இருக்க முடியாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. எந்த மாதிரி முடிவு இருக்க முடியாது என்று சொல்லலாம். அது ஏழாம் பதிலில் வரும்.

5. "மூணு போலராய்டு வச்சா வெளிச்சம் வருது, ரெண்டு வச்சா வரல. இதுல ஏதோ ஏமாத்து வேலை இருக்கு."

வகுப்பில் நான் செய்துகாட்டும் ஒரே சோதனை இது. உடைந்த எல்.சி.டி. மானிட்டர் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதன் முகப்பில் ஒட்டியிருந்த போலராய்டு தாளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள் அது) மூலையிலிருந்து மெதுவாக உரித்து, பசையைத் துடைத்து, மூன்று துண்டாக வெட்டினேன். துடைப்பதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இரண்டு துண்டுகளைக் குறுக்கே, 90 டிகிரியில், டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் கறுப்பு. மூன்றாவதை அவற்றுக்கு நடுவில் 45 டிகிரியில் செருகினால் அந்த இடம் மட்டும் வெளுக்கும். முதல் தாளில் பாதி போகும், அடுத்ததில் மிச்சத்தில் பாதி, அதற்கடுத்ததில் இன்னும் பாதி: 1/8. (தாயம் விழும் அதே எண். தற்செயல்தான்.) மானிட்டர் தாளில் அந்த அளவுக்கு வராது, தாளே கொஞ்சம் விழுங்கிவிடும்.

வாசலில் டிக்கெட் பார்க்கிறவர் இரண்டு பேர் எல்லோரையும் திருப்பி அனுப்பும்போது நடுவில் மூன்றாமவரைச் சேர்த்தால் யாரோ உள்ளே வந்துவிடுவதுபோல் இது தெரிகிறது. தாள் டிக்கெட் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். கடந்துபோகும் ஃபோட்டானைத் தன் கோணத்துக்கு மாற்றி அனுப்புகிறது. "45 டிகிரியா?" என்று கேட்டபின், "90 டிகிரியா?" என்பதற்கு முன்பிருந்த பதில் செல்லாது. கேட்கும் வரிசை விடையை மாற்றுகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் வைத்து நான்காம் கேள்விக்காரரை மடக்க முடியாது. ஒளியைப் பழைய மின்காந்த அலையாக எடுத்துக்கொண்டாலே 1/8 வந்துவிடும். ஃபோட்டான் ஒவ்வொன்றாக வரும்போதும் அது பிளவுபடாமல் "போனது, போகவில்லை" என்று விழுவதுதான் இதில் குவாண்டம்.

6. "ரெண்டு காசைச் சுண்டினா தலை-தலை வர 1/4. போஸ் அதை 1/3-ன்னு எழுதினாராமே? எங்க டிபார்ட்மென்ட்ல இப்படி எழுதினா முட்டைதான் போடுவோம்!"

புள்ளியியல் மேடம் கேட்டது. டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்யேந்திரநாத் போஸ் 1924-ல் எழுதிய கட்டுரையில் இருப்பது காசுக் கணக்கு அல்ல. ஃபோட்டான்களை அறைகளில் போடும் கணக்கு. இரண்டு ஃபோட்டான், இரண்டு அறை என்றால் "இது இங்கே, அது அங்கே" என்பதும் "அது இங்கே, இது அங்கே" என்பதும் தனித்தனி அல்ல; ஒன்றே. ஆக மூன்று நிலைதான், ஒவ்வொன்றுக்கும் 1/3. ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட உதவினார்.

கோல்மகோரவ் விதி இதிலும் அப்படியேதான் நிற்கிறது மேடம். சமவாய்ப்பு எதற்கு என்பதுதான் மாறியது. அதைக் கணிதத்தால் முடிவு செய்ய முடியாது, இயற்கையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. "பெல் தேற்றம் நாலு தடவை படிச்சும் மண்டையில ஏறல. சூத்திரம் இல்லாம சொல்ல முடியுமா?"

முடியும். ஒரு விளையாட்டு. ஒருவர் குடியாத்தத்தில், இன்னொருவர் ஆற்காட்டில். கைப்பேசி கிடையாது. நடுவர் ஒருவர் ஆளுக்கொரு சீட்டு கொடுக்கிறார். அது வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும், காசு சுண்டி முடிவு செய்தது. இருவரும் "ஆம்" அல்லது "இல்லை" என்று உடனே சொல்ல வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று சந்தர்ப்பத்திலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்கூட்டியே காட்பாடி ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசிவைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் ஒரு தாளில் "வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் இது" என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். மொத்தம் நான்கு பதில். இப்போது பாருங்கள்: குடியாத்தத்து வெள்ளையும் ஆற்காட்டு வெள்ளையும் ஒன்று. குடியாத்தத்து வெள்ளையும் ஆற்காட்டுச் சிவப்பும் ஒன்று. குடியாத்தத்துச் சிவப்பும் ஆற்காட்டு வெள்ளையும் ஒன்று. அப்படியென்றால் இரண்டு சிவப்பும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். விதியோ அவை வேறுபட வேண்டும் என்கிறது. எப்படி எழுதினாலும் நான்கில் ஒன்று இடிக்கும். வெற்றி 75 சதவீதத்தைத் தாண்டாது. தாளைத் தாயக்கட்டை உருட்டி மாற்றிக்கொண்டே இருந்தாலும் சராசரி அதைத் தாண்டாது.

இப்போது தாளுக்குப் பதில் பின்னல் நிலையில் உள்ள, அதாவது இரண்டுக்கும் சேர்த்து ஒரே குவாண்டம் நிலை கொண்ட, ஃபோட்டான் ஜோடியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். குடியாத்தத்துக்காரர் வெள்ளைக்குப் போலராய்டை 0 டிகிரியிலும் சிவப்புக்கு 45-லும் வைக்கிறார். ஆற்காட்டுக்காரர் வெள்ளைக்கு 22.5, சிவப்புக்கு −22.5. ஃபோட்டான் கடந்தால் "ஆம்". பதில்கள் ஒத்துப்போகும் நிகழ்தகவு, இடைக்கோணத்தின் கொசைன் வர்க்கம். முதல் மூன்று சந்தர்ப்பத்திலும் இடைக்கோணம் 22.5, கொசைன் 0.924, வர்க்கம் 0.854. இரண்டும் சிவப்பானால் இடைக்கோணம் 67.5, ஒத்துப்போவது 0.146 மட்டுமே, அதாவது வேறுபடுவது 0.854. எந்தச் சீட்டு வந்தாலும் வெற்றி 85 சதவீதத்துக்கு மேல். சட்டைப்பைத் தாளால் இதை எட்டவே முடியாது.

ஜான் பெல் 1964-ல் இதன் மூல வடிவத்தைச் சொன்னார். கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் 1969-ல் சோதிக்கத் தோதாக மாற்றினார்கள். 1972-ல் ஃப்ரீட்மன், கிளாசர், 1982-ல் ஆஸ்பே, 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கி.மீ. இடைவெளியில் 245 தடவை. எல்லாவற்றிலும் இயற்கை தாளின் எல்லையைத் தாண்டியது. கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு.

நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது 1982-ல் ஆர்தர் ஃபைன் காட்டியது. பெல் வகைச் சமனின்மைகள் (நம் ஆட்டத்தின் 75 சதவீத எல்லை போன்றவை) எல்லாம் நிறைவேறினால், அந்த நான்கு பதில்களுக்கும் சேர்த்து ஒரே நிகழ்தகவுப் பட்டியல் எழுதலாம். ஒன்று மீறப்பட்டாலும் எழுத முடியாது. கோல்மகோரவ் எங்கே நிற்கிறார், எங்கே நிற்க முடியாது என்பது இதில் துல்லியமாகத் தெரிகிறது. ஒவ்வொரு சீட்டு ஜோடிக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு, அவை ஒவ்வொன்றும் ஒழுங்காக அவர் விதிக்குக் கட்டுப்படுகின்றன. நான்கையும் ஒட்டி ஒரே பெரிய பட்டியலாக்கும்போதுதான் ஓரங்கள் சேரமாட்டேன் என்கின்றன. மூன்றாம் பதிலில் சொன்ன அதே தப்புதான், இந்த முறை எண்ணோடு. நான்காம் பதிலில் வந்த போம்? அவர் தப்பிக்கிறார், ஆனால் குடியாத்தத்தில் போலராய்டைத் திருப்பினால் ஆற்காட்டில் அந்தக் கணமே பாதிக்கும் என்ற விலையைக் கொடுத்து.

8. "அப்ப அதை வச்சு சிக்னல் இல்லாமலே மெசேஜ் அனுப்பலாமே?"

முடியாது. ஆற்காட்டுக்காரர் தன் பதில்களை மட்டும் பார்த்தால் பாதி ஆம், பாதி இல்லை. குடியாத்தத்தில் எந்தச் சீட்டு வந்தாலும் அதில் ஒரு துளி மாற்றம் இருக்காது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அந்த 85 தெரியும். நோட்டு பஸ்ஸில்தான் வர வேண்டும்.

9. "ஏன் வர்க்கம்? மூன்றடுக்கா ஏன் இருக்கக் கூடாது?"

போர்ன் ஊகித்தது ஒருபுறம். 1957-ல் கிளீசன் ஒரு தேற்றம் நிறுவினார்: மூன்றோ அதற்கு மேலோ பரிமாணம் உள்ள குவாண்டம் வெளியில், ஒன்றையொன்று விலக்கும் விடைகளுக்கு நிகழ்தகவு கூட்டினால் 1 வரவேண்டும், ஒரு விடையின் எண் எந்தக் கேள்வித் தொகுப்பில் அது வந்தது என்பதைப் பொறுத்து மாறக்கூடாது என்று மட்டும் கேட்டால், வர்க்க விதியைத் தவிர வேறொன்றுக்கு இடமே இல்லை.

அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வர்க்கம் என்றால் வழிகள் இரண்டிரண்டாக மட்டுமே குறுக்கிடும், அதாவது ஒன்றையொன்று கூட்டவோ குறைக்கவோ செய்யும். மூன்று சேர்ந்து புதிதாக எதுவும் செய்யாது. 2010-ல் உர்பசி சின்ஹாவும் உடனிருந்தோரும் மூன்று பிளவுகளைத் திறந்தும் மூடியும் பார்த்து, அளவீட்டுப் பிழையைத் தாண்டி அப்படி ஒரு மிச்சம் இல்லை என்று காட்டினார்கள். அவர் பிறகு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். காட்பாடியிலிருந்து காலை ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஆராய்ச்சி என்றாலே வெளிநாடு என்ற நினைப்பு போக வேண்டும்.

10. "எதிர்ம நிகழ்தகவு இருக்குன்னு ஒரு புத்தகத்துல பார்த்தேன். மைனஸ் பத்து சதவீதம்னா இன்னா அர்த்தம்?"

நீங்கள் பார்த்தது விக்னர் சார்பாக இருக்கும், 1932-ல் வந்தது. இடத்தையும் உந்தத்தையும் ஒரே வரைபடத்தில் நிகழ்தகவு மாதிரி வரைவது. சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். ஆனால் இரண்டையும் ஒருசேரத் துல்லியமாக அளக்க முடியாததால் அந்தக் கழித்தல் குறி எந்தச் சோதனையிலும் எண்ணிக்கையாக வந்து விழாது. ஒட்டாத பட்டியல்களை வம்பாக ஒட்டியதன் தழும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11. "அப்ப தாயக்கட்டை மட்டும் ஏன் ஒழுங்கா பழைய கணக்குப்படி விழுது? அதுவும் அணுதானே?"

இரண்டாம் பதிலில் கூட்டலும் கழித்தலும் நடந்தது, இரண்டு வழிகளையும் யாராலும் பிரித்தறிய முடியாததால்தான். பித்தளைக் கட்டையில் காற்று மோதுகிறது, ஒளி படுகிறது, அதுவே வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒவ்வொன்றும் "கட்டை இங்கேதான் இருந்தது" என்று ஒரு தடயத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தடயம் போனதும் குறுக்கீட்டுப் பகுதி சராசரியில் பூச்சியமாகி, மிஞ்சுவது வெறும் கூட்டல். கோல்மகோரவ் மறுபடி வந்துவிடுகிறார்.

1999-ல் வியன்னாவில் 60 கார்பன் அணு கொண்ட பந்து மூலக்கூறுகளையே குறுக்கிட வைத்தார்கள். 2004-ல் அதே ஊரில் 70 அணுப் பந்துகளை லேசரால் சூடேற்றினார்கள். சூடு ஏற ஏற வரிகள் மங்கி மறைந்தன, மூலக்கூறு தானே ஒளியை உமிழ்ந்து தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்ததால். மே மாதத்து வேலூரில் இதைச் சொல்லும்போது யாரும் சந்தேகப்படுவதில்லை.

12. "குடியாத்தம்-ஆற்காடு ஆட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு சார். நடுவர் காசு சுண்டுறதே முன்னாடி முடிவாகியிருந்தா? அந்தத் தாளுக்கு அது தெரிஞ்சிருந்தா?"

மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி கேட்டாள். உண்மையிலேயே இருக்கிற ஓட்டை. சீட்டு எது வரும் என்று தாளுக்கு முன்பே தெரிந்தால் 75 என்ன, 100 சதவீதமே வெல்லலாம். ஏழாம் பதிலின் கணக்கு முழுவதும், சீட்டும் தாளும் ஒன்றையொன்று சாராதவை என்ற ஒரே காலில் நிற்கிறது. சாரா நிகழ்ச்சி என்பதும் பழைய நிகழ்தகவுச் சொல்தான்.

இதை நெருக்கிப் பிடிக்க 2018-ல் ஒரு குழு, சீட்டை முடிவு செய்யும் வேலையைக் குவேசார்களிடம், அதாவது வெகுதொலைவில் பேரொளி வீசும் விண்மீன் திரள்களின் மையங்களிடம், விட்டது. எதிரெதிர்த் திசையில் இருக்கும் இரண்டு குவேசார்களின் ஒளியைத் தொலைநோக்கியில் வாங்கி, ஒவ்வொரு ஃபோட்டானின் நிறத்தைப் பார்த்துப் போலராய்டின் கோணத்தை மாற்றினார்கள். ஒரு குவேசாரின் ஒளி 780 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது, மற்றதன் ஒளி 1,220 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போதும் எல்லை மீறப்பட்டது. ஆக சதி ஏதும் இருந்தால் அது பூமி உருவாவதற்கும் முன்பே தீட்டப்பட்டிருக்க வேண்டும். நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இரவில் அங்கே வந்து விழும் வெளிச்சத்திலும் அப்படிப்பட்ட பழையது உண்டு.

"அப்பவும் முழுசா மூட முடியாதுல்ல?" என்றாள். முடியாது. ஆனால் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் எந்த மருந்துச் சோதனையையும் நம்ப முடியாது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று சீட்டுக் குலுக்கியதும் முன்பே முடிவானதுதானே என்று எவரும் சொல்லலாம். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வேற மாதிரி கேக்கறேன் சார்" என்று படியிறங்கிப் போனாள்.